குச்சியாய் நிற்கும் கறிவேப்பிலையும் டெல்லியின் ஆறு வார வசந்தமும்

உங்கள் கேள்வி “இப்போது என்ன உரம் போடலாம்?” என்று முடிகிறது. அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருப்பவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மதுரையிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வந்து இது முதல் குளிர்காலம். ரயிலில் பத்திரமாகக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று தை மாதத்தில் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கிறது. குண்டுமல்லியின் இலைகள் செம்பழுப்பாகிவிட்டன. செம்பருத்தி மொட்டு வைக்கிறது, விரிவதற்குள் உதிர்த்துவிடுகிறது. மூன்றாம் மாடி, மேற்கு பார்த்த பால்கனி, மொட்டைமாடியில் கொஞ்சம் இடம். மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவீர்கள். இவ்வளவையும் சேர்த்துப் படித்தால், இந்தச் செடிகளுக்கு உயிர் இருக்கிறதா, இருந்தால் இந்த மாசி பங்குனியில் என்ன செய்தால் டெல்லிக் கோடையைத் தாண்டும் என்பதே நீங்கள் கேட்க விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோவையில் வேளாண்மை படித்துவிட்டு வேலை தேடி இங்கே வந்தவன் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெல்லியில் வீட்டுத் தோட்டங்களையும் குடியிருப்புப் பூங்காக்களையும் பராமரிப்பதே தொழில். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது என்பது. மதுரையில் தண்ணீர் இருந்தால் செடி ஆண்டு முழுவதும் வளரும். இங்கே குளிர் அதை நிறுத்திவைக்கிறது. டெல்லியில் ஜனவரி மாதச் சராசரி, பகலில் ஏறக்குறைய 20 டிகிரி, இரவில் 7 டிகிரி. பிப்ரவரிப் பகல் 24, மார்ச் 30, ஏப்ரல் 36க்கு மேல், மே மாதம் 40 என்று கிடுகிடுவென ஏறும். நம் ஊர்ச் செடிகளின் வேர் நிம்மதியாக வளர்வதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை, ஏறக்குறைய ஆறு வாரம். சில ஆண்டுகளில் அதுவும் கிடைக்காது. 2022 மார்ச் மாதம், 1901 முதல் இந்தியாவில் பதிவான மார்ச் மாதங்களிலேயே வெப்பமானது. அந்த ஆண்டு வசந்தம் என்று ஒன்று வந்ததே செடிகளுக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த ஆறு வாரத்தில் செய்யும் எந்த வேலையும், சித்திரை வெயில் ஏறுவதற்குள் வேர் தொட்டி முழுக்கப் பரவ வேண்டும் என்பதற்காகத்தான். வேர் பிடித்துவிட்டால் இலையும் பூவும் தானே வரும்.

இனி உங்கள் கறிவேப்பிலை. குளிரில் இலை உதிர்ப்பது டெல்லியில் இந்தச் செடிக்கு இயல்பு. உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தால் குச்சியின் நுனிக்கு அருகே பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் கவலையில்லை. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இரண்டு விரற்கடை கீழே இறங்கி மீண்டும் சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ, அதற்குச் சற்று மேலே கணுவைப் பார்த்து வெட்டிவிடலாம். அடிவரை பழுப்பாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கறிவேப்பிலை வேரிலிருந்தே புதிதாகத் துளிர்க்கும் குணம் உள்ளது. மார்ச் கடைசி வரையாவது பொறுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் தண்டின் நிறம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வேர் எப்படி இருக்கிறது என்பதைப் படம் காட்டாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தொட்டி மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். சேற்று நாற்றம் அடித்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். குளிர்காலத்தில் இங்கே கறிவேப்பிலை சாவதற்குப் பெரும்பாலும் காரணம், இலை உதிர்ந்ததைக் கண்டு பதறித் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான். இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. ஊற்றியதெல்லாம் வேரைச் சுற்றித் தேங்கும்.

அதே காரணத்தால் உரமும் இப்போது வேண்டாம். துளிர் விடாத செடிக்கு உரம் போட்டால் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. உப்பு மண்ணில் சேரும், இளம் வேரைச் சுடும். கணுக்களில் கடுகு அளவு மொட்டு புடைத்ததும் தொட்டி மாற்றலாம். புது இலை இரண்டு மூன்று அடுக்கு விரிந்த பிறகு, மட்கிய தொழு உரம் இரண்டு கை மேலாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள். இந்த ஆண்டுக்கு அதுவே போதும்.

புளித்த மோர் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் தலைமுறையாக ஊற்றுகிறோம், செடியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மோரினால்தான் நன்றாக இருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. டெல்லி மண்ணும் நிலத்தடி நீரும் பொதுவாகக் காரத்தன்மை உள்ளவை. மோரின் புளிப்பு அதை ஓரளவு தணிக்கும் என்பது நியாயமான ஊகம். ஒரு டம்ளர் மோர் ஒரு தொட்டி மண்ணை எவ்வளவு நாளைக்கு மாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஊற்றுவதென்றால் உப்பு போடாத மோராக, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, மாதம் ஒரு முறை ஊற்றுங்கள். உப்பு போட்ட மோர் மட்டும் கூடவே கூடாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று இருக்கிறது. ஏப்ரலில் புது இலைகள் வெளிர்மஞ்சளாகவும் அவற்றின் நரம்பு மட்டும் பச்சையாகவும் வந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும்; காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. அதற்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை தெளிக்கலாம். தெளித்த பிறகு சில வாரங்களுக்கு அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். அடி இலை முதலில் முழுவதுமாக மஞ்சளானால் அது இரும்புக் குறை இல்லை. தழைச்சத்துக் குறையாகவோ தண்ணீர் மிகுதியாகவோ இருக்கும்.

துளிர் வந்தபின் ஒருநாள் இலைமேல் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பை நீட்டும், ஒரு கார நெடி வரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறும், அப்போது கண்ணில் படுவது கடினம். நான்கைந்து புழு இருந்தால் சின்னக் கன்றை ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். மருந்தெல்லாம் அடிக்க வேண்டாம், கையால் எடுத்துவிடுங்கள். என் வீட்டில் அதற்கென்றே ஒரு எலுமிச்சைச் செடி ஓரமாக இருக்கிறது. புழுக்களை எடுத்து அதன்மேல் விட்டுவிடுவேன். நகரத்தில் பட்டாம்பூச்சி பார்ப்பதே அரிதாகிவிட்டது, கொல்ல மனம் வருவதில்லை.

குண்டுமல்லிக்கு ஊரில் கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். அந்தக் கணக்கை இங்கே பின்பற்றினால், வெட்டிய இடத்தில் வரும் இளந்தளிர் நேராக மார்கழிக் குளிரில் மாட்டிக்கொள்ளும். டெல்லியில் பிப்ரவரி முதல் பாதிதான் சரியான நேரம். மாத நடுவைத் தாண்டிவிட்டதால் இந்த வாரமே செய்துவிடுங்கள். நான்கைந்து நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையில் வளரும் செடியென்றால் முழங்கால் உயரத்துக்கும் தொட்டிச் செடியென்றால் ஓர் அடி உயரத்துக்கும் வெட்டுங்கள். குச்சி போல் மெலிந்தவை, உள்நோக்கி வளர்பவை, காய்ந்தவை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மீதியிருக்கும் பழுத்த இலைகளையும் உருவிவிடுங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் மல்லி புதிதாக வரும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையைக் காப்பாற்றி வைத்துப் பயனில்லை. வெட்டியபின் மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, தொழு உரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து தண்ணீர் விடுங்கள். நல்ல வெயிலில் வைத்தால் ஏப்ரலில் பூக்கத் தொடங்கும். இங்குள்ள மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் முழம் போட்டு விற்கும் பூவின் மணம் உங்கள் செடியிலும் வரும். மதுரையில் பார்த்த அதே பருமனில் மொட்டு வருமா என்று கேட்டால், அதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடே செடியோடு அந்த ஊர் மண்ணையும் வெயிலையும் சேர்த்துத்தான்.

செம்பருத்தி மொட்டு உதிர்ப்பதற்குப் பல காரணம் உண்டு. இந்த மாதத்தில் முதல் சந்தேகம் இரவுக் குளிர்மேல், அது தானாகச் சரியாகிவிடும். அடுத்த சந்தேகம் மாவுப்பூச்சி. இலைக் காம்பும் தண்டும் சேரும் இடுக்கில், மொட்டின் கழுத்தில், வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் எறும்பு ஊர்ந்தால் மாவுப்பூச்சியோ, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியோ இருக்கிறது என்று ஏறக்குறைய நிச்சயம். அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்பு காவல் காக்கும். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பிறகு கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் மார்ச்சில் அழகாகக் கிளைக்கும்.

தொட்டி மாற்றுவதுதான் இந்தப் பருவத்தின் பெரிய வேலை, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே நர்சரியில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் களிமண் உருண்டையில் வரும். அந்த உருண்டையை அப்படியே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் நல்ல மண் போட்டால், உருண்டை கல்லாக இறுகி, ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணில் மட்டும் இறங்கி ஓடிவிடும். உங்கள் ரோஜாவுக்கு இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். படத்தில் மேல்மண் ஓரத்தில் இருண்டும் நடுவில் வெளுத்தும் தெரிகிறது. செடியை வெளியே எடுத்து, உருண்டையின் வெளிப்பக்கத்தை விரலால் உதிர்த்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களைப் பிரித்துவிட்டு நடுங்கள். ரோஜாவுக்கு மட்டும் வேரை அதிகம் கலைக்காமல் மேலோட்டமாக. மண் கலவைக்குத் தோட்டத்து மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய சாணம் ஒரு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, கட்டுமானப் பொருள் கடையில் பதர்பூர் என்று சொல்லி விற்கும் கரடுமுரடான செம்மணல் அரைப் பங்கு. யமுனை மணல் மிக நுண்ணியது, தண்ணீர் வடிவதற்கு அது அவ்வளவாக உதவாது. சாணம் மட்கியிருக்கிறதா என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: நாற்றமின்றி, பிசுபிசுப்பின்றி, தேயிலைத்தூள் போல் உதிர வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் டெல்லியில் கரையான் வந்தே தீரும்.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டி வாங்கினால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்று எண்ணிச் சின்னக் கன்றை அண்டாவில் நடுகிறவர்கள் உண்டு. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் வரும். மொட்டைமாடியில் பெரிய தொட்டிகளைச் சுவரை ஒட்டியும் கீழே தூண் வரும் இடங்களிலும் வையுங்கள். ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை வரும்.

தண்ணீரைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. டெல்லி வீடுகளில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் செறிந்து வருகிறது. நிலத்தடி நீர் வரும் பகுதிகளில் இன்னும் மோசம். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம், இலை ஓரம் கருகுதல், இரண்டும் இருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், இந்த மாதத்திலேயே ஒரு முறை, நகராட்சிக் குழாய்த் தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். பழைய உப்பு கழுவிக்கொண்டு போகும். துளிர் விட்டு, வேர் நன்றாக இருக்கும் தொட்டிகளுக்கு மட்டுமே இதைச் செய்யுங்கள். உறங்கும் கறிவேப்பிலைக்கு இப்போது வேண்டாம்.

அடுத்தது வெயிலின் திசை. டெல்லி மதுரையைவிட வெகுவாக வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் இங்கே அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்துக்குத்தான் வரும்; மார்ச் 21 வாக்கில் 61 டிகிரி; ஜூனில் 85 டிகிரி, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். அதனால் குளிர்காலத்தில் தெற்குப் பால்கனிக்குள் ஆழமாக விழுந்த வெயில், மார்ச்சிலிருந்து பின்வாங்கிக்கொண்டே போகும். உங்களுடையது மேற்கு. குளிர்காலத்தில் அது வரம். ஏப்ரலிலிருந்து பிற்பகல் வெயிலோடு, மே மாதத்தில் ராஜஸ்தான் பக்கமிருந்து அடிக்கும் ‘லூ’ என்னும் அனல்காற்றும் நேராக அங்கேதான் மோதும். ஐம்பது சதவீதப் பச்சை நிழல்வலையை மார்ச் கடைசி வாரத்திலேயே மேற்குப் பக்கம் கட்டிவிடுங்கள். இலை கருகிய பிறகு கட்டினால் கருகிய இலை திரும்பாது. மொட்டைமாடியில் கட்டும்போது வலைக்கும் செடி உச்சிக்கும் இடையே ஓர் அடியாவது காற்றோட்டம் இருக்கட்டும்.

காய்கறி விதைக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கோடைக் காய்களுக்கு இதுதான் காலம், ஆனால் காலண்டரைவிட இரவு வெப்பத்தைப் பாருங்கள். குறைந்தபட்ச வெப்பம் தொடர்ந்து சில நாள் 12, 13 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் விதைக்கலாம். அதற்கு முன் போட்டால் பாகல், சுரை விதைகள் முளைக்காமல் மண்ணிலேயே அழுகும். பாகல், புடலை, பீர்க்கை விதைகளின் ஓடு தடித்தது. இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து, சமையலறையின் கதகதப்பான மூலையில் வைத்து முளை கண்டபின் நடுங்கள். வெண்டையை ஊறவைத்து நேராகத் தொட்டியிலேயே விதையுங்கள், நாற்றைப் பிடுங்கி நடுவதை அது விரும்பாது. விதைக்கு மேற்கு டெல்லியின் பூசா வளாகத்தில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை நம்பலாம். 1905இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமானதால் 1936இல் டெல்லிக்கு வந்த நிறுவனம் அது. ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. சுரைக்குப் பூசா நவீன், பாகலுக்குப் பூசா தோ மௌசமி, பீர்க்கைக்குப் பூசா நஸ்தார், எல்லாம் வட இந்திய வெயிலுக்குப் பழகிய ரகங்கள். அங்கே ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடக்கும் வேளாண் விழாவில் விதை விற்பார்கள்.

மார்ச் நடுவுக்குப் பிறகு விதைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பமும் பகல் நேரமும் கூடக் கூட, கொடிக்காய்களில் ஆண்பூ பெருகி, பெண்பூ குறையும். பிப்ரவரியில் விதைத்த கொடி ஏப்ரலில் பெண்பூ தரும். ஏப்ரலில் விதைத்தது மே மாத அனலில் ஆண்பூவாகப் பூத்துக் கொட்டும். இன்னொன்று, மூன்றாம் மாடிக்குத் தேனீயும் அந்துப்பூச்சியும் வருவது குறைவு. காய் பிடிக்கவில்லை என்றால் நீங்களே மகரந்தம் சேர்க்க வேண்டும். பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண்பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடித்து, மஞ்சள் பொடி ஒட்டிய நடுப்பகுதியைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். நேரம் முக்கியம்: பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரியும், சுரையும் பீர்க்கையும் மாலையில் விரியும். சுரைப்பூவைக் காலையில் தேடிப் போனால் வாடியதைத்தான் பார்ப்பீர்கள்.

தக்காளியில் இப்போது அதிகம் முதலீடு செய்ய வேண்டாம். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். அக்டோபரில் நட்டவர்கள் இப்போது பறித்துக்கொண்டிருக்கிறார்கள். கொத்துமல்லி, வெந்தயக் கீரை, பாலக் எல்லாம் மார்ச்சில் தண்டு நீட்டிப் பூத்துவிடும், விதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றின் இடத்தில் முளைக்கீரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை விதையுங்கள். பசலை டெல்லி வெயிலில் மற்றவையெல்லாம் வாடும்போதும் தழைத்து நிற்கும், கூட்டுக்கும் நன்றாக இருக்கும்.

இந்த வாரங்களில் மஞ்சள் சட்டையோ புடவையோ அணிந்து வெளியே போனால் சின்னச் சின்னப் பூச்சிகள் வந்து அப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை இறக்கை முளைத்த அசுவினி. டெல்லியைச் சுற்றி ஹரியானாவிலும் ராஜஸ்தானிலும் கடுகு முதிரும்போது அங்கிருந்து கிளம்பி நகரத்துக்குள் வருகின்றன. தளிரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டுத் திரவச் சோப்பு சேர்த்துக் குலுக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கருஞ்சாம்பல் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு நீளமாக ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு, உங்களுக்காக அசுவினியைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கிளையில் எதையும் தெளிக்க வேண்டாம்.

ரோஜாவை இப்போது கவாத்து செய்யாதீர்கள். இங்கே அதற்கு அக்டோபர்தான் மாதம். வாடிய பூவை மட்டும் கிள்ளிக்கொண்டே இருங்கள். பெட்டூனியா, பான்சி போன்ற குளிர்காலப் பூக்கள் ஏப்ரலில் முடிந்துவிடும், அவற்றைக் காப்பாற்ற முயன்று தண்ணீரை வீணாக்க வேண்டாம்.

டெல்லி வசந்தத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய செல்வம் ஒன்று உண்டு. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் அதைக் குப்பை என்று நினைத்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் வேம்பும் அரசும் இலையைக் கொட்டும். தெருவோரமெல்லாம் குவிந்து கிடக்கும். அதைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருக்கிறது, ஆனாலும் சிலர் எரிக்கத்தான் செய்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு சாக்கு நிறைய அள்ளி வாருங்கள். ஒரு சாக்கு இலையை நனைத்து, ஒரு கை பழைய மண் தூவி, அங்கங்கே துளையிட்டு மாடி மூலையில் வைத்தால் அடுத்த வசந்தத்துக்குள் இலைமட்காகிவிடும். நடுவில் காயவிடாமல் ஈரம் காட்டினால் போதும். இன்னொரு சாக்கு இலையை நொறுக்கி ஏப்ரல் தொடக்கத்தில் எல்லாத் தொட்டிகளிலும் இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். கோடையில் தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும்.

கடைசியாக உங்கள் மே மாதப் பயணம். பள்ளி மே நடுவில் மூடினால் ஜூன் கடைசியில்தான் திறக்கும். அந்த ஆறு வாரம் டெல்லியில் தொட்டிச் செடிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டியிருக்கும் காலம். தண்ணீரில் நனைத்த துணித் திரி, கவிழ்த்த பாட்டில் போன்ற உபாயங்கள் நான்கைந்து நாளைக்கு உதவலாம்; ஆறு வாரத்துக்கு ஆள்தான் வேண்டும். யார் தண்ணீர் ஊற்றப்போகிறார் என்பதை இப்போதே முடிவு செய்து, அவரால் எத்தனை தொட்டியைப் பார்க்க முடியுமோ அத்தனை மட்டும் வையுங்கள். மாலி எனப்படும் தோட்டக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ, ஏப்ரலில் நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒரு வாரம் அவரை ஊற்றச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு ஊற்றுகிறார், எதைத் தவறவிடுகிறார் என்பது தெரிந்துவிடும். கிளம்புவதற்குச் சில நாள் முன் தொட்டிகளையெல்லாம் மேற்குப் பக்கத்திலிருந்து எடுத்து, மாடியில் கிழக்குச் சுவர் நிழலில் நெருக்கமாக அடுக்குங்கள். பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள், இரண்டு வாரத்துக்கு முன்பே உரத்தை நிறுத்துங்கள். தரைத்தளத்தில் யாரிடமாவது மண் தரை இருந்தால், கறிவேப்பிலை, மல்லி இரண்டையும் தொட்டியோடு முக்கால் பாகம் மண்ணில் புதைத்துவிடச் சொல்லுங்கள். அந்த இரண்டும் பிழைத்துவிடும். காய்கறிக் கொடிகள் அதற்குள் ஏறக்குறைய ஒரு மாதமாவது காய்த்திருக்க வேண்டும் என்பதால், வெப்பம் ஒத்துவந்த உடனே, இந்த வாரமோ அடுத்த வாரமோ விதைத்துவிடுங்கள். வேலை மிகுதியால் மார்ச் கடைசிக்குள் ஏதாவது ஒரு செடிக்குத் தொட்டி மாற்ற முடியாமல் போனால், ஏப்ரலிலோ மே மாதத்திலோ அதைத் தொட வேண்டாம். டெல்லிக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 27. நீங்கள் திரும்பி வந்து ஜூலையில் முதல் நல்ல மழைக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.